எழுபத்தேழுக்குள் எண்பத்தொன்று

கெமியில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
பிளந்து கிடக்கிறது என் எழுபத்தேழாம் வருட கியர்பாக்ஸ்.
மூன்றாம் கியரின் பல் ஒன்று
ஆயிலோடு வடிந்து வந்தது, அரிசியில் கல் மாதிரி.

உறுப்புக்கு வாங்கிய வண்டி எண்பத்தொன்று.
விற்கும்போது ஒஸ்மோ சொன்னான்:
"எல்லாம் ஒன்றுதான், பெயின்ட் மட்டும் வேறு."

ஷாஃப்ட் உட்கார்ந்தது. பேரிங் உட்கார்ந்தது.
கையால் சுழற்றினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்து வரவில்லை.

திரும்பப் பிரித்தேன். கேலிப்பர் சொன்னது:
ஃபோர்க் நுழையும் காடி அரை மில்லி தள்ளி.
அந்த நான்கு வருடத்தில்
யாரோ ஒரு பொறியாளர்
அரை மில்லி அளவு மனம் மாறியிருக்கிறார்,
பாகங்களின் எண்ணைக்கூட மாற்றாமல்.

ஷிம் ஒன்று வைத்தேன். கழற்றி, தேய்த்து, வைத்தேன்.
பெட்டியை மூடியபோது விறகும் தீர்ந்திருந்தது.

மார்ச்சில், உறைந்த கடல்மேல் தீவுக்குப் போகும் சாலை.
நான்கிலிருந்து ஐந்துக்குத் தூக்கினேன்.
நடுவில் ஒரு நியூட்ரல்,
எழுபத்தேழிலும் இல்லாதது
எண்பத்தொன்றிலும் இல்லாதது.
எஞ்சின் அலறுகிறது,
சக்கரம் பாட்டுக்குப் பனிமேல் உருள்கிறது,
கீழே கடல்.

இன்னொரு உதை. ஐந்து.

நான்காம் முறை திறக்கமாட்டேன்.
அது என்னுடையது.