மாத அறிக்கை, வூப்பர்டால்

மாதக் கடைசியில் யானிக் கொண்டுவரும் தாள்.
கார் ஓட்டப் பழக்கும் என் சின்னப் பள்ளிக்கு
இம்ப்ரெஷன் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
"அத்தனை பேர் பார்த்தார்களா?"
"இல்லை, அத்தனை தடவை காட்டப்பட்டது."
சரி, கல்யாண வாசலில் நின்று
எல்லாருக்கும் கும்பிடு போட்டதுபோல.

பவுன்ஸ்: செக் மட்டும்தான் திரும்பும் என்றிருந்தேன்,
ஆட்களும் திரும்புகிறார்கள், எழுபத்தொரு வீதம்.
கன்வெர்ஷன் என்றதும்
ஞாயிறுகளில் துண்டுப்பிரசுரத்தோடு
கதவு தட்டுபவர் ஞாபகம் வந்தார்.
இரண்டு பேர் படிவம் நிரப்பினார்களாம்,
அவ்வளவுதான் மதமாற்றம்.

புனல் ஒன்று வரைந்திருந்தான்,
மேலே அகலம், அடியில் சொட்டு.
எங்கள் மொழியில் புனல் என்றால் ஆறும்தான் தம்பி.
ஜன்னலுக்குக் கீழே வூப்பர்;
அதன்மேல் தண்டவாளத்தைப் பிடித்துத்
தொங்கிக்கொண்டே போகிறது ரயில்.

கடைசி வரியை வாசிக்காமல் தாண்டினான்.
ஒரே ஒருவர். பின்னிரவு மூன்றேகால்.
தமிழ்ப் பக்கம், நாற்பத்தாறு நிமிடம்.
'பெண்களுக்குத் தனி வகுப்பு' என்ற பத்திக்கு
மூன்று தரம் வந்துபோயிருக்கிறார்.
கிளிக் இல்லை.

இதற்கு என்ன பெயர்?
"பெயரில்லை, கணக்கில் வராது."

அந்தப் பத்திக்குக் கீழே என் நம்பரைப் போடு,
இரவிலும் எடுப்பேன் என்று எழுது, என்றேன்.
சார்ஜரைக் கட்டிலருகே மாற்றி
இன்றோடு ஒன்பது நாள்.