உன் ஐவரும் என் ஐவரும்

மாங்கூழ் ஆலை ரசீதின் பின்பக்கம்
நீ எழுதிய ஐந்து பேருமே
கூடை போடுகிறவர்கள், சென்னகேசவா.
பந்து ஒன்றுதானே?

சாதிக் பாஷா எம்பினால்
வளையமே கொஞ்சம் குனியும். சரி.
எண்பத்தாறாம் பேட்ச் ஆரோக்கியத்துக்கு
இடது கையிலும் கண். ஒப்புக்கொள்கிறேன்.

என் பட்டியலில் திம்மராயனைப் பார்த்ததும்
டீ புரையேறச் சிரிக்கிறாய்.
மூன்று வருஷத்தில் பதினோரு பாயிண்ட், தெரியும்.
கோட்டைத் தாண்டி ஓடிய பந்துக்கு
சிமெண்டில் விழுந்து பாய்ந்தவன் எவன்?
தருமபுரி காலேஜ் தரையில்
அவன் முட்டித்தோல் இன்னும் ஒட்டியிருக்கும்.

சேலத்தில் ஆடித் திரும்பும் ராத்திரி
தொப்பூர் மேட்டில் வேன் படுத்துக்கொண்டால்
உன் ஐவர்
ஜன்னலோரம் உட்கார்ந்து
லாரி எண்ணுவார்கள்.
என் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

முதல் பாதி உனக்கே, எழுதிக்கொள்.
கடைசி நாலு நிமிஷம்
நாக்கு தள்ளும்போது பேசலாம்.

பேனாவைக் கொடு.
ரசீதை ஏன் மடிக்கிறாய்?