ஆறு எண்

புதுவயல் ஆலைத் தவிடு
கீபோர்டு வரை படியும் என் கடைக்கு
அடைக்கலம் வந்தார்.
மூன்று தவணை ஏறவில்லை.
ஆறாயிரம்.

ஆதாரைத் தட்டினேன். உயிரோடுதான் இருக்கிறார்.
பட்டாவும் இருக்கிறது, ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்,
கண்மாய் பெருகினால் நெல்
இல்லாவிட்டால் கருவேலம்.
கேஒய்சி மட்டும் பாக்கி.
"ஓடிபி வரும், சொல்லுங்க."

வரவில்லை.
நாற்பத்தொன்றில் முடியும் நம்பருக்குப் போனதாகச் சொன்னது திரை.
வீட்டுக்கு ஒரே போன் இருந்த காலத்தில் கொடுத்தது.
அது இப்போது தம்பி சேவுகனிடம்.
மடைத் தண்ணீர்த் தகராறு,
ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

நான்தான் கூப்பிட்டேன்.
உரக்கடை வரிசையை விட்டுவிட்டு வந்தார்.
உள்ளே வரவில்லை.
காரைக்குடி பஸ்ஸைப் பார்த்தபடி வாசலில் நின்று
போனை எட்டப் பிடித்து
"ஏழு... சைபர்... சைபர்... மூணு..."
தெருவுக்குச் சொன்னார்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.
ஆனாலும் ஒவ்வொன்றையும்
அடைக்கலம் எனக்குத் திருப்பிச் சொன்னார்,
சைபரைக்கூட.
அதற்குள் நேரம் முடிந்துபோனது.
மறுபடி அனுப்பினேன்.
மறுபடி ஆறு எண், இரண்டு குரலில்.
பச்சை டிக் விழுந்தது.

"பணம் ஏறுனா மெசேஜ் எங்க வரும்?"
"அவர் போனுக்குத்தான்.
காரைக்குடி போய் நம்பரை மாத்திரலாம்,
நூறு ரூபாய்க்குள்ள ஆகும்."

சட்டைப் பைக்குப் போன கை
பாதியில் நின்றது.
"கெடக்கட்டும்.
வந்தா சொல்லுவான்ல."

வாசலில்
பஸ் போய் வெகுநேரமாயிருந்தது.