சுழி சரியில்லை

போரிவலி வனத்துறைக் கொட்டகைக்குப் பின்னால்
கோணிக்குள் வைக்கோல் திணித்து
கரிக்கட்டையால் வட்டம் வட்டமாய்ப் போடுகிறார்
பபன் ஷெலார்.
சிறுத்தை என்றால் சிறுத்தை மாதிரி இருக்க வேண்டுமாம்.
வால் மட்டும் இல்லை. அதற்குள்
கோணி முடிந்துவிட்டது.

இருபது மீட்டர்.
அளவு நாடாவின் நுனி அறுந்திருந்ததால்
கடைசி மூன்றைக் காலடியால் அளந்தோம்.
ஊசிக்குள் மருந்தில்லை, தண்ணீர்தான்,
மருந்தின் எடைக்கு எடை.
பின்னால் ஒரு சிவப்புக் குஞ்சம்.

வேடிக்கை பார்க்க வந்த காவலாளி மகன்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.
புஸ்.
சைக்கிள் டயரில் காற்று இறங்கின மாதிரி.
இவ்வளவுதானா என்று ஒரு முகம்.
இவ்வளவுதான்.
சத்தம் போட்டால் அது ஓடும்.
ஓடுவதைச் சுட எனக்கு வராது.

முதல் ஊசி புல்லில்.
மேல் திருகில் எட்டு கிளிக்.
இரண்டாவது வயிற்றில்.
"போச்சு, செத்தது" என்றார் பபன், எழுதிக்கொண்டார்.
நாலு கிளிக் கூட்டினால் முதுகெலும்பு,
இரண்டு குறைத்தால் மறுபடி புல்.
ஜூன் மாதம், இலை அசையவில்லை,
காற்றைத் திட்டவும் வழியில்லை.

எனக்கு உச்சந்தலையில் இரட்டைச் சுழி.
ஓர் இடத்தில் நிற்காது இது என்பாள் அம்மா.
கண்ணாடிக்குள் குறுக்குக் கம்பி
நிற்காமல் ஆடியபோது
அவளைத்தான் நினைத்தேன், கொஞ்சம் கோபமாக.

பிறகுதான் பார்த்தேன்:
காஸ் உருளை வெயிலில் கிடக்கிறது.
ஒவ்வொரு சுடலுக்கும் ஒவ்வொரு மூச்சு.
கிளிக் கிளிக்காய் நான் திருத்தியதெல்லாம்
சூரியனை.

நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஈரத்துணி சுற்றி,
டீ குடித்துவிட்டு,
எல்லாத் திருகையும் பழையபடி வைத்து
ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.

தாராவித் தோல் கிடங்கில் அப்பா
ஒவ்வொரு தோலையும் பல்புக்கு எதிரே பிடிப்பார்.
ஒரு துளை தெரிந்தால் சேட் எட்டணா பிடிப்பான்.
நான் போடும் துளை
இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும் என்றேன் ஒருமுறை.
நம்பவில்லை அவர்.
செத்த தோலையே பார்த்த கண்.

நாலே கால் மணிக்கு
ஐந்து ஊசியும் தொடையில்,
ஒரு வடாபாவ் காகிதத்துக்குள் அடங்கும்படி.
திருகின் மேல் நகப்பூச்சால் கோடு போட்டேன்.
இருபது மீட்டருக்குச் சுழியம்.
பபன் கோணியைத் தட்டிக்கொடுத்தார்.

ஆறு பத்துக்கு போன்.
முலுண்டில் ஒரு அடுக்ககம், இரண்டாம் தள பார்க்கிங்,
வெள்ளைக் கார் ஒன்றின் அடியில்.
மாடியெங்கும் மொபைல் வெளிச்சம்.
ஒருவர் தன் காரை எடுக்க வேண்டும் என்கிறார்,
ஏர்போர்ட் போகணுமாம்.

தூண், சுவர், தூண்.
படுத்துத்தான் பார்க்க முடிந்தது.
ஏழு மீட்டர்.

ஏழு மீட்டரில் ஸ்கோப்புக்குள்
சிறுத்தை வருவதில்லை.
ஒரு சுழி வருகிறது.
கலங்கலாக, கண்ணாடி முழுக்க,
கருப்பு வளையமும் நடுவில் தேன் நிறமும்.
அது ஏறி இறங்குகிறது,
ஏறி இறங்குகிறது.
பெண்.
மதியம் முழுக்கக் கட்டிய கணக்கில்
இதற்கு இடமே இல்லை.

அழுத்தத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினேன்.
இந்தத் தூரத்தில் முழு வேகம் எலும்பை உடைக்கும்.
கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுத்து
குழலின் ஓரமாக, வெறுமனே,
எதிர் வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

புஸ்.

சிவப்புக் குஞ்சம் தொடையில் நிற்கிறது.
அவள் திரும்பி அதை முகர்ந்தாள்,
பிறகு என்னை.

பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது
என்று மராத்தியில் சொன்னேன், இந்தியில் சொன்னேன்,
ஏனோ ஒருமுறை தமிழிலும்.
பபன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நாலாவது நிமிடம்
யாருடைய காரோ தானாக அலறியது.
அவள் தலையைத் தூக்கினாள்.
எங்கே என்று தேடினாள்.
மறுபடி
முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.