அரைக் கண்ணி

ஃபலஜ் அல் கபாயிலில், டயர் கடைகளுக்கு நடுவே
தாத் முராதின் சைக்கிள் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கருவிகள்.
மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்:
செயின் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்வது.

ஒன்று வெறும் தகடு. ஒரு ரியால் இருநூறு பைசா.
ஒரு முனையில் அரை, மறுமுனையில் முக்கால்.
செயினுக்குள் விட வேண்டும்.
இறங்கினால் போச்சு. இறங்காவிட்டால் ஓட்டு.
கார்டு புதுப்பிக்க ரத்தம் கொடுத்து
நெஞ்சைப் படம் எடுத்து வரிசையில் நிற்கிறோமே,
அதே மாதிரி. ஃபிட். அன்ஃபிட்.
எவ்வளவு ஃபிட் என்று
யாரும் எழுதித் தருவதில்லை.

இன்னொன்றுக்கு பேட்டரி உண்டு, திரை உண்டு,
புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் உண்டு.
இருபத்து மூன்று ரியால்.
நடுவில் கிடந்தது மூன்று பல் வைத்த இரும்பு.
ஒன்பது ரியால். பெயர்கூட எழுதவில்லை.

எனக்குத் துறைமுகத்தில்
அளவுமானிகளைச் சோதிக்கிற வேலை. பதினோரு வருடம்.
பூஜ்யம் தெரியாத கருவியோடு
பேச்சு வைத்துக்கொள்வதில்லை.
புதுச் செயின் ஒன்று எடுங்கள் என்றேன்,
கம்பெனி கிரீஸ் காயாதது.

திரை சொன்னது: பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
பிறந்த பிள்ளைக்கு நரை.
தகடு பாதி இறங்கித் தயங்கியது.
மூன்று பல் மட்டும்
இருபுறத்து உருளைகளையும் ஒரே பக்கம் சாய்த்துப் பிடித்து
ஒன்றுமில்லை என்றது.
உருளையின் ஆட்டத்தை அது
தேய்மானத்தில் சேர்க்கவில்லை.

தாத் முராத் சிரித்தபடி
சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை உருவினார்.
பின்னிலிருந்து பின்வரை பன்னிரண்டு இன்ச்.
பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் தூக்கிப் போடு.
காசு எதற்கு?
இந்த வெயிலில் ஸ்கேலே நீளுமே என்றேன்.
செயினும்தான் நீளும், இரண்டும் இரும்புதானே என்றார்.
பிழை வரம்பு போட்டுச் சான்றிதழ் எழுதுகிறவனுக்கு
அந்த இடத்தில் பதில் இல்லை.

ஆனாலும் ஒன்பது ரியாலை எடுத்து வைத்தேன்.
காரணம் அறிவியல் இல்லை.
நாற்பத்தேழு வயதுக் கண்ணுக்கு
பதினாறில் ஒரு பங்கு இன்ச் என்பது
இப்போதெல்லாம் ஒரு வதந்தி.
புதுச் செயினையும் கட்டச் சொன்னேன்.
தேவைப்படாது என்று நினைத்தேன்.

பால்கனியில் விளக்கைப் போட்டு
என் சைக்கிளில் வைத்துப் பார்த்தேன்.
விடியுமுன் கடற்கரைச் சாலையில் ஓடிய செயின்.
பனியில் உப்பு, உப்பில் மணல்,
அதன் மேல் நான் ஊற்றிய எண்ணெய்.
மூன்றாவது பல் சத்தமே இல்லாமல்
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இன்னாசி போனில் சொன்னான்:
சம்பளம் வரைக்கும் ஓடும்ணே, விடுங்க.
ஓடும்தான். பிறகு
பல்சக்கரமும் அதே அளவுக்குப் பழகிவிடும்.
அதற்கப்புறம் புதுச் செயினை அது ஏற்காது.

கழற்றினேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது,
வாடகை ஒப்பந்தம், ஏழாவது பக்கம்.
ஏசி ஸ்டாண்டில் கம்பி கட்டி
பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன்.
இரண்டிலும் நூற்றுப் பதினான்கு கண்ணி.
மேலே ஒன்றாய்த் தொடங்கி
கீழே வரும்போது
பழையது அரைக் கண்ணி இறங்கி நின்றது.
கண்ணாடி போடாமலே தெரிந்தது.

செயின் நீண்டது என்கிறோம். எந்தத் தகடும் நீளவில்லை.
ஒவ்வொரு மூட்டிலும்
ஒரு மயிரிழை போயிருக்கிறது, அவ்வளவுதான்.
நூற்றுப் பதினான்கு மயிரிழை.
இதை ஒரு துண்டுக் கம்பி சொல்லிவிட்டது.
ஒன்பது ரியால் மேசை மேல் இருந்தது.

அப்போது ஜுலைஹா வீடியோவில் வந்தாள்.
பின்னால என்ன தொங்குது?
செயின். எது பழசுன்னு சொல்லு பார்ப்போம்.
வலப்பக்கம் என்றாள், யோசிக்காமல்.
எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
அளவு தெரியுதில்ல? அங்கேயிருந்தே தெரியுதில்ல?

என்ன அளவு? அதுதான்
கறுப்பா இருக்கே.