ஈரற்குலை

அழைப்பு முடிந்தபோது மணி மூன்று பத்து.
திராட்சை தொண்டையில் சிக்கிய பிள்ளை
துப்பிவிட்டு வீறிட்டது.
அந்த அழுகையைக் கேட்டபின்தான்
ஊனா ராட்ரே காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.
டண்டி நகரத்து மழை
ஆற்றின் மேல் பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
இயந்திரத்தில் காசு போட்டு
வினிகர் தடவிய வறுவல் ஒரு பாக்கெட்.

ஆபத்து தீர்ந்ததென்று
உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.
இல்லை, சிறுநீரகம் சொன்னது.
ஓடிக் களைத்த கார்ட்டிசாலை
மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்து
கார்ட்டிசோனாக உறங்கவைத்து
இரத்தத்தில் மிதக்கவிட்டது.
கல்லீரல்தான் கேட்கவில்லை.
வாசலில் ஒதுங்கும் ஒவ்வொன்றையும்
தோளைப் பிடித்து உலுக்கி
"எழுந்திரு, இன்னும் தீ அணையவில்லை" என்கிறது.
எழுந்தது சர்க்கரை காய்ச்சுகிறது.
மிஞ்சியதைக் கொழுப்பாக்கி
அறை அறையாக அடுக்குகிறது
வராத பஞ்சத்துக்கு.

"எவ்வளவு குடிப்பீர்கள்?"
மருத்துவர் இரண்டு முறை கேட்டார்.
புத்தாண்டுக்கு ஒரு மிடறு ஷெர்ரி.
அவர் பேனா நம்பவில்லை.

பயந்தால் ஈரற்குலை நடுங்கும் என்கிறது
நான் எழுதும் மொழி.
அவளுடையது நடுங்கவில்லை.
பதினோரு வருடம்
ஊரார் நடுக்கத்தையெல்லாம் காதில் வாங்கி
தடித்துப்போயிற்று.

ஆய்வு மாத்திரை வெளிர் மஞ்சள்.
எழுப்பிவிடும் அந்த நொதியின் கையை
ஈரலுக்குள் மட்டும் கட்டிப்போடுமாம்.
எலிகளுக்குக் கொடுத்தார்கள், எலிகளின் ஈரல் இளைத்தது.
"எலிகள் சொன்ன பேச்சு கேட்கும்"
என்றான் செவிலி லாக்லன்.
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
எந்தப் பாதி என்று அவனுக்கும் தெரியாது.
ஊனா தினமும் நாக்கில் வைத்துப் பார்த்தாள்,
மாவு ருசிக்கிறதா என்று.

நாற்பதாவது வாரம்
வெள்ளைக் குழாய்க்குள் மல்லாந்து கிடக்கிறாள்.
பதிவு செய்த பெண்குரல்:
மூச்சை இழுங்கள்.
பிடித்துக்கொள்ளுங்கள்.
அவளுக்குச் சிரிப்பு வந்து
படம் கலங்கிப்போனது.
இரவெல்லாம் அவள் சொல்லும் வாசகம்,
அதே நிதானம், நடுவில் அதே இடைவெளி.
கருவியின் தடதடப்புக்குள்
முதல்முறையாக ஒருத்தி
அவளிடம் சொல்கிறாள்.

மறுபடியும் எடுத்தார்கள்.
இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.
இந்த முறை சிரிக்கவில்லை,
கண்ணோரம் ஏதோ வழிந்து காதுக்குள் போனது,
துடைக்கக் கை எட்டவில்லை.
இப்போது விடுங்கள்.

எண் குறைந்ததா என்று வெள்ளிக்கிழமை தெரியும்.
இன்றிரவு பத்து மணிக்குப் பணி.