பூங்கா மூடும் நேரம்

இன்று நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்.
கொருக்குப்பேட்டை தேசப்பன் மட்டும் அழுதார்.
"சார், அழுதா வட்டி குறையாது" என்றேன்.
எழுதித் தந்த வரி இல்லை அது.
நானாகச் சொன்னது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்து நிற்கின்றன.
இடுக்கில் புகுந்து
மாநகராட்சிப் பூங்காவின் சுழல்கதவைத் தள்ளுகிறேன்.

பெரிய பச்சை என்று சொல்ல முடியாது.
எட்டுப் புங்கை, ஒரு வாதாம்,
புல்லைவிட அதிகமாய்
புல்லில் உட்காராதீர் பலகைகள்.
இலையெல்லாம் லாரிப் புழுதி.
காவலாளி டில்லி குழாயைத் தூக்கிப் பீய்ச்சும்போது
ஒரு கிளை மட்டும்
தன் நிறத்துக்குத் திரும்பும்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடப்பதில்லை.
மரத்தடியிலும் வசூல் கணக்குதான் ஓடும்,
காதில் ஹெட்செட் அழுத்திய வலியோடு.

பக்கத்துப் பெஞ்சில் ஒருவர்
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போனில்:
"பத்தாம் தேதி கட்டிடறேன் மேடம்."
அந்த மேடம் நானில்லை.
இருந்தும் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இருட்டியது.
வாதாமில் வௌவால்கள்
பழத்துக்குப் பழம் இடம் மாறின.
கடித்துப் போட்டதில் ஒன்று
எங்கள் இருவருக்கும் நடுவே விழுந்தது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்,
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
டில்லி விசில் ஊதினார்.

வீட்டில் மகன்
நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டான்:
"பார்க்குக்குப் போய்ட்டு வந்தியா?"
எப்படிடா தெரியும்?
"கதவை மெதுவா சாத்துனியே."

தேசப்பனுக்கு
நாளை காலை பத்தரைக்கு மறு அழைப்பு.